ஊதா பின்னுக்கு ஒரு துபாஷி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் கம்ப்யூட்டரில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் சார்பதிவாளர் அலுவலகம், நீதிமன்றம், தாலுகா ஆபீஸ் பக்கம் மனுவும் பத்திரமும் டைப் அடித்துத் தரும் கடைகளுக்கு இதன் பொருள், இன்றோ நாளையோ சிபியுவை மாற்றியாக வேண்டும் என்பதுதான். மாற்றியதும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. பல வருடமாக விரலுக்குப் பழகிய கீபோர்டின் வால் நுனியில் வட்டமான ஊதா பின். புதிய பெட்டியின் முதுகிலோ அதற்கு இடமே இல்லாமல் போகலாம். கட்டைவிரல் அளவில் ஒரு அடாப்டர் வாங்கிச் செருகினால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு எழுத்தும் விழுவதில்லை. கீபோர்டு போய்விட்டது என்று முடிவு கட்டி அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

இந்த முடிவு பெரும்பாலும் தப்பு. கீபோர்டில் கோளாறு இருக்காது, அடாப்டரிலும் இருக்காது. பின் பொருந்துவதற்கும் கருவி வேலை செய்வதற்கும் தொடர்பு உண்டு என்று நாமாக நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு. மிக்ஸிக்கோ டேபிள் ஃபேனுக்கோ அந்த நினைப்பு சரி. அங்கே போய்ச் சேர வேண்டியது மின்சாரம் மட்டுமே. கீபோர்டிலிருந்து வருவது செய்தி. அதை அனுப்பும் முறை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் யாராவது மாற்றித் தர வேண்டும்.

அந்த வட்ட பின் 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு பிறந்தது. கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை என்ற நிற வழக்கம் பிறகு வந்தது. ஆறு ஊசிகளில் நான்குக்குத்தான் வேலை: 5 வோல்ட், எர்த், டேட்டா, கிளாக். ‘A’ கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தானே கிளாக் கம்பியைத் தட்டத் தொடங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் டேட்டா கம்பியில் ஒரு பிட் என்று மொத்தம் 11 பிட்: தொடக்கத்துக்கு ஒன்று, செய்திக்கு எட்டு, சரிபார்க்க ஒன்று, முடிவுக்கு ஒன்று. எல்லாம் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். போகும் செய்தி 1C என்ற குறியெண். விரலை எடுத்ததும் F0, அதன் பின்னால் மறுபடி 1C. கீபோர்டுக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்லும். கம்ப்யூட்டர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்ளும்.

1996-இல் வந்த யூஎஸ்பி இதைத் தலைகீழாக்கியது. இங்கே கீபோர்டு தானாக வாய் திறக்காது. சில மில்லி விநாடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் கேட்கும், அப்போதுதான் பதில். பதிலும் வேறு வடிவம்: அந்த நொடியில் எந்தெந்தக் கட்டைகள் அழுந்தியிருக்கின்றன என்ற 8 பைட் பட்டியல். அதில் அதே ‘A’ கட்டைக்கு எண் 04. செருகியவுடன் தான் யார், எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்றும் கருவி தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவ்வளவையும் நான்கு துண்டுக் கம்பி செய்துவிடாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வேலை தெரிந்த ஒரு சில்லு நடுவில் உட்கார வேண்டும்: ஒரு பக்கம் 1C-யைக் கேட்டு வாங்கி, அட்டவணையைப் பார்த்து 04 ஆக்கி, மறுபக்கம் கேட்கும்வரை கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட சில்லு உள்ளதைத்தான் ஆக்டிவ் கன்வெர்ட்டர் என்கிறோம்.

அப்படியானால் மவுசோடு இலவசமாக வந்த குட்டிப் பச்சை அடாப்டர் மட்டும் எப்படி வேலை செய்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அடாப்டரில் இல்லை, மவுசுக்குள் இருக்கிறது. இரண்டு காலத்துக்கும் நடுவில் வந்த பல யூஎஸ்பி மவுஸ்களின் சில்லுக்கு இரண்டு முறையும் தெரியும். மின்சாரம் வந்ததும் அது தன் இரண்டு செய்திக் கம்பிகளையும் சோதித்துப் பார்க்கும். பிஎஸ்/2 சாக்கெட்டில் அவை மேல் மின்னழுத்தத்தில் நிற்கும். யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் அவற்றைக் கீழே இழுத்து வைத்திருக்கும். அதைக் கொண்டு தான் எங்கே செருகப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும். ஆகவே அந்தக் கம்பி அடாப்டர் அந்த மவுசுக்கு மட்டுமே துணை. பிஎஸ்/2 மட்டுமே தெரிந்த கீபோர்டை அதுபோன்ற வெறும் கம்பி அடாப்டரில் மாட்டினால், ஒரு முறைதான் தெரிந்த சில்லு என்ன செய்யும்?

முந்நூறு நானூறு ரூபாய்க்குப் புது யூஎஸ்பி கீபோர்டே கிடைக்கிறதே, சில நூறு ரூபாய் கன்வெர்ட்டருக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். பழையதும் அதே ரப்பர் மெம்பரேன் ரகம் என்றால் ஆட்சேபம் சரிதான். கன்வெர்ட்டர் வாங்க வேண்டாம். மவுசுக்கும் அப்படியே. உருண்டை மவுசைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளில் ‘டிவிஎஸ் கோல்டு’ என்று கேட்டு வாங்குவார்களே, அந்தச் சத்தம் போடும் கீபோர்டு வேறு சாதி. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் தயாரிப்பு. கட்டைக்குக் கட்டை தனித்தனி மெக்கானிக்கல் ஸ்விட்ச். அதில் போட்ட செர்ரி ப்ளூ ரக ஸ்விட்சுக்குச் சொல்லப்படும் ஆயுள் 5 கோடி அழுத்தல். ஒரு கடையில் நாளொன்றுக்கு 40,000 தட்டு, வருடத்துக்கு 300 நாள் என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே கட்டையில் விழுந்தாலும் வருடத்துக்கு 12 லட்சம்தான். நாற்பது வருடம் தாங்கும் ஸ்விட்சைப் பின் பொருந்தவில்லை என்பதற்காக மின்கழிவில் போடுவது எந்தக் கணக்கிலும் சிக்கனமாகாது.

நடுவில் ஒரு சில்லு புகுந்தால் வேகம் குறையாதா? குறையும், ஆனால் விரலுக்குத் தெரியாது. இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 45 வார்த்தை. வார்த்தைக்கு ஐந்து தட்டு என்றால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே கால் விநாடிக்குச் சற்று மேல், சுமார் 267 மில்லி விநாடி கிடைக்கிறது. கன்வெர்ட்டரும் யூஎஸ்பியும் சேர்ந்து எடுத்துக்கொள்வது பத்து, இருபது மில்லி விநாடி. துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுபவர் வேண்டுமானால் முகம் சுளிக்கட்டும். கிரயப் பத்திரம் அடிப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

தமிழ் எழுத்து மாறிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். இந்தக் கீபோர்டுகள் எழுத்தை அனுப்புவதில்லை. கட்டையின் இடத்தைத்தான் அனுப்புகின்றன. அதே ‘A’ கட்டை தமிழ்99-இல் ‘அ’. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘யளனக’ என்று விரல் பழகியவருக்கு அது ‘ய’. அதைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள். கன்வெர்ட்டருக்கு அதில் பங்கில்லை. பழைய கீபோர்டில் ரூபாய்க் குறி இல்லையே என்பதற்கும் இதே பதில்: விண்டோஸில் இங்கிலீஷ் (இந்தியா) வரிசையை வைத்துக்கொண்டு வலது ஆல்ட்டோடு 4-ஐ அழுத்தினால் ₹ விழும்.

எளிதில் ஒதுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. கன்வெர்ட்டர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகப் போகிறது. எழுத்துகளைத் திருடிச் சேமிக்கும் கீலாகர்களும் இதே போன்ற உருவத்தில் வருகின்றன. ஆதார் எண்ணும் பாஸ்வேர்டும் அடிக்கும் கடையில், யாரோ விட்டுப்போன பெயர் தெரியாத அடாப்டரை எடுத்து மாட்டுவது ஆபத்து. சீல் பிரிக்காததைப் பில்லோடு வாங்குவதும், சிபியுவின் பின்பக்கத்தை அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும்தான் வழி. வாங்கும் முன்பே ஒருமுறை எட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. இன்றைய மதர்போர்டுகள் சிலவற்றில் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரு வட்ட சாக்கெட் இன்னும் இருக்கிறது. இருந்தால் எதையும் வாங்கவே வேண்டாம். ஆனால் அதில் செருகுவதானால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஓடும்போதே மாட்டிக் கழற்றுவதற்கு பிஎஸ்/2 வடிவமைக்கப்படவில்லை. பழைய போர்டுகளில் அதனால் ஃபியூஸ் போவதும் உண்டு.

சென்னை ரிச்சி தெரு வரை போய் வாங்கி வந்து, பேருந்துச் செலவுக்குப் பிறகு ஏமாறுவதைவிட, கீபோர்டையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே சோதிக்கலாம். ஊதாவும் பச்சையுமாக இரண்டு சாக்கெட், நடுவில் சிறு வயர், மறுமுனையில் யூஎஸ்பி என்று இருப்பது பெரும்பாலும் சில்லு உள்ள ரகம். முதலில் கீபோர்டை கன்வெர்ட்டரில் மாட்டி, அப்புறம் யூஎஸ்பியைச் செருகுங்கள். மூன்று விளக்கும் ஒருமுறை மின்னி அணையும். அதை நம்பிவிட வேண்டாம், 5 வோல்ட் வந்துவிட்டது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. நம் லாக்கை அழுத்துங்கள். அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. கட்டை அழுந்திய செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், விளக்கை ஏற்று என்ற உத்தரவு திரும்பி வந்தால்தான் எரியும். அழுத்த அழுத்த எரிந்து அணைந்தால் பில் போடச் சொல்லலாம்.