டர்போ மோட்டார் காரும் பந்தயப் பாதையும்

மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சில நிமிஷங்களில் கை பொறுக்காத அளவுக்குச் சூடேறுவதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். காற்றை அமுக்கினால் அது வெப்பமடையும் என்னும் இந்த எளிய விதியே, டர்போ பொருத்திய ஒரு மோட்டார் கார் பந்தயப் பாதையில் எத்தனை சுற்றுகள் நலமாக ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

டர்போ என்பது ஒரே அச்சின் இரு முனைகளிலும் பொருத்தப்பட்ட இரு சிறு சக்கரங்களே ஆகும். எஞ்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி எஞ்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் மிகுந்த எரிபொருளை எரிக்கலாம். ஆகவே சிறிய எஞ்ஜின் பெரிய எஞ்ஜினின் வேலையைச் செய்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1962 முதல் இந்திய இரயில்வேயில் ஓடிய டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்ஜின்களில் இது இருந்தது. லாரிகளில் நெடுங்காலமாக உள்ளது. இன்று சிறிய பெட்ரோல் கார்களிலும் சாதாரணமாகிவிட்டது. இவற்றின் டர்போ அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல், சிலவற்றில் இரண்டு லட்சம் முறை வரைகூடச் சுழல்வதுண்டு.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயமுத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும், 2011-இல் திறக்கப்பட்ட கிரேட்டர் நொய்டா பாதையிலும் கார் உரிமையாளர்கள் தங்கள் சொந்த வண்டியையே கொண்டுவந்து ஓட்டும் நாட்கள் ஏற்பாடு செய்யப்படுவதுண்டு. இவை போட்டிகள் அல்ல. 'டிராக் டே' என வழங்குபவை. சாலையில் முழு வேகத்தைச் சில வினாடிகளுக்கு மேல் எவரும் பயன்படுத்துவதில்லை. பந்தயப் பாதையிலோ பதினைந்து இருபது நிமிஷங்கள் இடைவிடாமல் முழுச் சக்தியும் முழுப் பிரேக்கும் மாறிமாறிப் பயன்படுகின்றன. சாலைக்கென வடிவமைத்த வண்டி தன் வெப்பத்தை வெளியேற்ற அவகாசம் பெறாமற் போவதே இங்கு எழும் பிரச்சினை.

முதலில் உட்செல்லும் காற்றைக் கவனிப்போம். வெளிக்காற்று 35 டிகிரி சென்டிகிரேடு எனக் கொள்க. அதன் அழுத்தத்தை இருமடங்காக்கினால், வெப்பம் எதுவும் வெளிச்செல்லாத நிலையில், அதன் உஷ்ணநிலை ஏறத்தாழ 102 டிகிரி ஆகும். ஆனால் எந்த அமுக்கியும் நூற்றுக்கு நூறு திறனுடையதன்று. திறன் 70 சதவீதமாயின், காற்று சுமார் 130 டிகிரியில் வெளிவரும். இதனால் விளையும் நஷ்டம் கவனிக்கத்தக்கது: அழுத்தம் இருமடங்கானாலும், சூட்டினால் காற்று விரிந்துவிடுவதால், அதன் அடர்த்தி ஒன்றரை மடங்காகவே உயர்கிறது. அதே காற்றை எஞ்ஜினுக்குள் விடுமுன் 55 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.9 மடங்கை நெருங்கும். இவ்வேலையைச் செய்வதே 'இன்டர்கூலர்' என்னும் காற்றுக் குளிர்விப்பான். வகுப்பில் வாயு விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது அரிது. கெல்வின் அளவுக்கு மாற்றிக்கொள்ள மட்டும் மாணவர் மறவாதிருக்க வேண்டும்.

மூன்று நான்கு சுற்றுகளுக்குப் பின் கார் முன்போல் பாயவில்லை எனச் சிலர் குறை கூறுவர். பெரும்பாலும் எஞ்ஜினில் கோளாறு எதுவும் இராது. இன்டர்கூலர் தானே சூடேறிவிட்டதனால் உட்செல்லும் காற்று சூடாகிறது. அதனை உணர்ந்த மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீப்பொறியைப் பிந்தச் செய்து சக்தியைக் குறைக்கிறது. இது எஞ்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளும் செயலாகும்.

எதனிடமிருந்து காத்துக்கொள்கிறது? சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை, தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவும் சுடரினால் எரிய வேண்டும். சுடர் வந்து சேருமுன்னரே, ஒரு மூலையில் எஞ்சிய கலவை மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே பற்றிக்கொள்வதுண்டு. இதனையே 'நாக்கிங்' என்பர். அந்த அதிர்ச்சி தொடர்ந்தால் பிஸ்டன் உடைந்தோ உருகியோ போகும். பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்ந்தால் அது இதனைத் தாங்கும் ஆற்றலும் உயரும். ஆக்டேன் எண் 91, 95 உடைய பெட்ரோல்களுடன், 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 எண் உடையதையும் அறிமுகப்படுத்தியது. வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி எந்தப் பெட்ரோலுக்கென அமைக்கப்பட்டதோ அதற்குக் குறைந்ததை நிரப்பிப் பந்தயப் பாதையில் ஓட்டுவது எஞ்ஜினைப் பணயம் வைப்பதாகும்.

இவ்விஷயத்தில் 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரின் வரலாறு படிப்பினை தருவது. டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அது ஒன்று. 3.5 லிட்டர் எஞ்ஜினில் 215 குதிரைசக்தி கிடைத்தது. அழுத்த விகிதம் 10.25-க்கு 1 என உயர்வாக இருந்தமையால், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் கலவையுடன் தெளிக்கும் ஏற்பாடு செய்திருந்தனர். திரவம் ஆவியாகையில் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும், நுட்பமான யோசனைதான். ஆனால் உரிமையாளர் பலர் அத்திரவத் தொட்டியை நிரப்ப மறந்தனர். தொட்டி காலியானால் சக்தியைக் குறைக்கும் தடுப்பு இருந்தும், குறைபாடுகள் மலிந்தன. 1963-உடன் அக்கார் நின்றுவிட்டது. விற்ற கார்கள் பலவற்றில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்த நேர்ந்தது. பராமரிப்போரின் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காத பொறியியல் எவ்வளவு நுட்பமாயினும் நிலைப்பதில்லை.

இன்று கணினியைச் செருகி அரைமணி நேரத்தில் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டித்தரும் கடைகள் பல உண்டு. மாற்றங்களில் மலிவானது அதுவே; ஆகையால் பலரும் அதையே முதலில் செய்கின்றனர். உண்மையில் அது கடைசியில் செய்யத்தக்கது. அழுத்தம் கூடக் கூட, அமுக்கி தன் சிறந்த எல்லையைக் கடந்து திறன் குன்றி, காற்றை முன்னிலும் மிகுதியாகச் சூடாக்குகிறது. அத்துடன், கிடைத்த கூடுதல் வேகத்தை அடுத்த வளைவில் பிரேக் விழுங்கியாக வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், வேகம் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது.

உயிருக்கு அபாயம் விளைவது எஞ்ஜினால் அன்று, இந்தப் பிரேக்கினால்தான். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறையும்போது ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அறைச் சூட்டிலுள்ள மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமான வெப்பம் இது. இது மூன்று நான்கு வினாடிகளில் வெளிப்படுகிறது; பெரும்பகுதி முன் சக்கரங்களிலேயே சேர்கிறது. ஒரு சுற்றில் இப்படி ஐந்தாறு முறை நிகழ்ந்தால் பிரேக் வட்டு செந்நிறமாக ஒளிர்வதில் வியப்பில்லை.

இவ்வெப்பம் பிரேக் ஆயிலை எட்டும்போதுதான் விபரீதம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி; ஈரமேறிய பின் தர அளவின்படி 155 டிகிரி வரை இறங்கலாம். டாட் 5.1 வகைக்கு இவ்வெண்கள் 260, 180. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே மிதிகட்டை தரைவரை இறங்கியும் வண்டி நிற்பதில்லை. அதற்குமுன் எச்சரிக்கையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஈரக்காற்று மிகுந்த கடற்கரை நகர்களில் ஓடிய வண்டிக்குப் பிரேக் ஆயிலைப் பந்தயப் பாதைக்குச் செல்லுமுன் முழுமையாக மாற்றுவது முதற் கடமை. டாட் 5 எனக் குறிக்கப்பட்ட சிலிகோன் வகை முற்றிலும் வேறானது. பெயர் ஒற்றுமையால் மயங்கி அதனைக் கலந்துவிடலாகாது. பிரேக் பேடுகள் உயர்ந்த உஷ்ணத்துக்கு உரியனவாயும், பாதிக்கு மேல் தேயாதனவாயும் இருக்க வேண்டும். தேய்ந்த பேடு வெப்பத்தை எளிதில் ஆயிலுக்குக் கடத்திவிடும்.

எஞ்ஜின் எண்ணெய்க்கு டர்போவில் இரட்டை வேலை. அச்சு எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. அதன் வெப்பத்தைக் கொண்டுசெல்வதும் பெரிதும் எண்ணெயே. புகைச் சக்கரப் பக்கம் 900 டிகிரியை எட்டவல்லது. வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்ஜினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். லாரி ஓட்டுநர் மலையேறி வந்தபின் எஞ்ஜினைச் சற்று நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது இதன் பொருட்டே. பல புதிய கார்களில் டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஏற்பாடு உண்டு; எனினும் கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வருவதற்கு ஈடாக எதுவும் இல்லை. வந்து நின்றபின் கைப்பிரேக் போடலாகாது. கொதிக்கும் வட்டைப் பேடு கவ்விக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தல் போதும். நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சக்கூடுமாதலால், அளவுகோலின் மேற்குறி வரை எண்ணெய் இருப்பது நன்று. அதற்கு மேல் வேண்டா. சாலைக்கெனக் குறித்த 10,000 கிலோமீட்டர்க் கணக்கு இத்தகைய வண்டிக்குப் பொருந்தாது.

டயரிலும் வாயு விதியே ஆட்சி செய்கிறது. 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. காட்டும் டயர் 80 டிகிரியில் 37-க்கு மேல் காட்டும். ஆகவே சூடேறியபின் அளந்து சரிசெய்வதே முறை. சக்கர நட்டுகளை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும், ஆறியபின், டார்க் ரெஞ்சால் சோதிக்க வேண்டும்.

மாற்றங்களுக்குச் சட்ட வரம்பும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. வழக்கமான காப்பீட்டுப் பத்திரங்கள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியுள்ளன என்பதையும் உரிமையாளர் முன்கூட்டியே படித்தறிதல் நலம்.

வீடு திரும்பியபின் எஞ்ஜின் நன்கு ஆறியதும், காற்றுக் குழாயைக் கழற்றி டர்போ அச்சை விரலால் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பே. முன்பின்னாக உணரத்தக்க ஆட்டமிருந்தாலோ, சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய தடம் தென்பட்டாலோ, தாங்கி தேய்ந்துவிட்டது எனக் கொண்டு, அடுத்த ஓட்டத்துக்கு முன் அதனை மாற்ற வேண்டும்.