அங்கீகாரம் என்னும் பிரதி

எங்கள் ராசிபுரம் பக்கம் 'நல்ல ஸ்கூலா?' என்று கேட்டால் மார்க்கைத்தான் சொல்வார்கள். கட்டடத்தைப் பற்றிப் பேச்சே வராது. பள்ளி அங்கீகாரத்தை ஒரு பிரதியாக வாசித்தால், அதில் கையெழுத்திடும் அதிகாரியே அதன் ஆசிரியர். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் செத்தபோது இந்தப் பிரதியும் விசாரணைக்கு வந்தது. 2009இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடக்கம் என்றது. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது, 11 பேரை விடுவித்தது. விடுபட்டவர்களில் அதிகாரிகளும் உண்டு. குற்றவியல் சட்டம் தனிமனித அலட்சியத்தைத் தேடுகிறது. கோப்போ மேசை மேசையாய் நகர்கிறது. 'மேலிடத்துல பாத்துக்குவாங்க' என்கிற வாக்கியத்துக்கு ஆசிரியர் இல்லை. கட்டட உறுதிச் சான்றையும் தீயணைப்புச் சான்றையும் காட்டச் சொல்லிக் கேட்கிற பெற்றோரே இப்பிரதியின் முதல் வாசகர்.