ஏசி எவ்வளவு கரண்ட் இழுக்கும்? வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

அறைக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளும் பம்ப்தான் ஏசி. அதன் கரண்ட் செலவை நாமே கணக்கிடலாம்.

ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட், 1600 மணி நேரத்துக்கானது. 960 யூனிட் என்றிருந்தால் 1600-ஆல் வகுங்கள்: மணிக்கு 0.6 யூனிட். தினம் 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 288. வீட்டின் மற்ற செலவு 250 என்றால் மொத்தம் 538.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் கட்டணப் பட்டியல் வந்துவிடும். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகை விலையும் போய்விடும். ஆக, 38 யூனிட் கூடியதற்கு மொத்த பில்லும் ஏறும். 6 மணி நேரமாகக் குறைத்தால் 466-தான்.

கடும் வெயிலில் செலவு இன்னும் கூடும். 26 டிகிரியில் வைத்து ஃபேனும் போடுங்கள், வீண்விரயம் தவிர்ப்போம்.