ஐஸ் மேக்கருக்குள் ஏன் ஒரு ஹீட்டர்?

ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஐஸ் விழாது. தட்டினாலும் அசைந்து கொடுக்காது. இப்போது டம்ளரின் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். தொப்பென்று விழும். உலோகத்தை ஒட்டியிருந்த ஐஸில் மெல்லிய ஏடு மட்டும் உருகியது. அந்த வழுக்கலில் மொத்தக் கட்டியும் நழுவி வந்துவிட்டது.

தானாகவே ஐஸ் செய்து தொட்டியில் கொட்டும் ஐஸ் மேக்கருக்குள் ஒரு ஹீட்டர் இருப்பது இதற்காகத்தான். குளிரவைக்கும் பெட்டிக்குள் சூடாக்கும் கருவியா என்று கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் தட்டு ஐஸோடு கடை மூட வேண்டியதுதான். தானாக ஐஸ் செய்யும் ஃபிரிட்ஜை அமெரிக்காவின் செர்வெல் நிறுவனம் 1953-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் பெரிய ஃபிரிட்ஜ்களில் ஐஸ் மேக்கர் வருகிறது. சிலவற்றில் ஹீட்டர் கிடையாது. அவற்றில் இருப்பது பிளாஸ்டிக் தட்டு. நாம் கையால் ட்ரேயை முறுக்கி ஐஸை உதிர்ப்போமே, அதை அங்கே மோட்டார் செய்கிறது.

ஐஸ் மேக்கர் சில சமயம் ஏன் நின்றுபோகிறது என்று பார்ப்பதற்கு முன், ஹீட்டர் உள்ள ஐஸ் மேக்கர் ஓடும்போது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒரு வால்வு இருக்கும். அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி, நடுவில் இருக்கும் சின்ன இரும்புத் தண்டை இழுக்கும், வழி திறந்துகொள்ளும். எல்லாம் ஏழெட்டு வினாடிதான். அதற்குள் ஒரு டம்ளருக்குக் குறைவான தண்ணீர் மெல்லிய குழாய் வழியாக வந்து, ஃப்ரீசருக்குள் இருக்கும் அலுமினிய அச்சில் நிரம்பிவிடும்.

பிறகு காத்திருப்பு. 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர் 0 டிகிரிக்கு இறங்க, ஒவ்வொரு கிராமும் சுமார் 125 ஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். 0 டிகிரி வந்ததும் ஐஸ் ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது! அதே 0 டிகிரியில் நின்றபடியே ஒவ்வொரு கிராமும் இன்னும் 334 ஜூலை இழந்தால்தான் அது ஐஸ். அந்த நேரம் முழுவதும் வெப்பமானியில் ஒரு டிகிரிகூடக் குறையாது. வெப்பம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பாடப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படிப்போமே, அது இதுதான். பரீட்சையில் ஒரு மதிப்பெண், ஃப்ரீசருக்கோ அதுதான் பெரும்பாடு.

உள்ளே ஐஸ் ஆகிவிட்டது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அச்சை ஒட்டியபடி ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. அச்சு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரிக்குக் குளிர்ந்தால், தண்ணீர் எல்லாம் உறைந்திருக்கும் என்று அது கணக்குப் போட்டு ஹீட்டரையும் மோட்டாரையும் ஓட விடும். மோட்டாரோடு சேர்ந்து சுழலும் பிளாஸ்டிக் பற்கள் ஐஸின் மேல் வந்து அழுத்திக்கொண்டு நிற்கும். அடிப்பக்கம் உருகியதும் கட்டிகள் சுழன்று வெளியே விழும். அந்த ஐஸ் பிறை நிலா வடிவில் இருப்பதும் இதனால்தான்: பற்கள் வட்டமாகச் சுழல்கின்றன, அச்சின் அடியும் அதற்கேற்ப வளைந்திருக்கிறது.

கடைசியாக ஒரு கம்பி. ஒவ்வொரு முறையும் மேலே எழும்பி, மறுபடி தொட்டிக்குள் இறங்கும். தொட்டி நிறைந்திருந்தால் ஐஸ் தடுப்பதால் இறங்க முடியாது. அடுத்த சுற்று தொடங்காது.

ஐஸ் வரவில்லையா? முதலில் அந்தக் கம்பியைப் பாருங்கள். யாரோ திணித்த பட்டாணிப் பாக்கெட் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தொட்டி நிறைந்துவிட்டதாக நினைத்து இயந்திரம் சும்மா இருக்கும். இதற்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பவர்கள் உண்டு. சில புது ஃபிரிட்ஜ்களில் கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கதிர் இருக்கும். அந்தக் கதிரை அனுப்பும் சென்சாரின் முகத்தில் பனி படிந்தால் கதிர் தடைபட்டு, அங்கேயும் இதே குழப்பம்.

கம்பி சரியாக இருந்தால், பெரியவர்களிடம் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அச்சுக்குள் கைவிட வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். பிளக் போட்டிருந்தால் பற்கள் திடீரென்று சுழலலாம், ஹீட்டர் சுடும்.

அச்சில் தண்ணீரோ ஐஸோ இருக்கிறது, ஆனால் கொட்டவில்லை என்றால், குளிர் போதாமல் இருக்கலாம். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். மைனஸ் 6-இல் இருந்தாலும் தண்ணீர் உறையத்தான் செய்யும், தெர்மோஸ்டாட்தான் நம்பாது. ஐஸ் தயாராகி அச்சிலேயே கிடக்கும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்தும் ஐஸ் கொட்டவில்லையென்றால் ஹீட்டர், மோட்டார், தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று பழுது. அது மெக்கானிக்கின் வேலை.

அச்சு காய்ந்து கிடந்தால் தண்ணீரே வரவில்லை. வருகிற ஐஸ் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போய், பிறகு நின்றிருந்தாலும் தண்ணீர்ப் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பார்கள்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குழாய் இணைப்புள்ள பல ஐஸ் மேக்கர்களின் வால்வுக்குக் குறைந்தது சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு தண்ணீர் அழுத்தம் வேண்டும். இது எவ்வளவு? 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 14 பவுண்டு. ஆக, 20 பவுண்டு வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி ஃபிரிட்ஜுக்கு 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஏறக்குறைய நாலு மாடி! மொட்டை மாடித் தொட்டி பல வீடுகளில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க ஊர்களில் குழாய்த் தண்ணீர் அழுத்தத்தோடு நேராக வீட்டுக்குள் வருவதால் அங்கே இந்தக் கவலை குறைவு. இங்கே பம்ப் வைக்க வேண்டியிருக்கும். அல்லது நாமே தண்ணீர் ஊற்றிவைக்கும் சின்னத் தொட்டியுள்ள ஃபிரிட்ஜை வாங்க வேண்டும்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வரும், அவ்வளவுதானே என்று தோன்றும். விஷயம் அதோடு நிற்காது. வால்வு இறுக்கமாக மூடிக்கொள்வதும் அதே தண்ணீர் அழுத்தத்தால்தான். அழுத்தம் போதாவிட்டால் வால்வு முழுதாக மூடாது; சொட்டுச் சொட்டாகக் கசியும். சொட்டுகள் ஃப்ரீசருக்குள் நுழையும் குழாயின் முனையிலேயே உறையும். ஒரு நாள் குழாய் முழுக்க ஐஸ் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வால்வு திறந்தாலும் தண்ணீர் போக வழியில்லை. ஐஸ் மேக்கரை ஐஸே நிறுத்திவிடுகிறது!

அந்த அடைப்பைக் கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. பக்கத்தில் குளிரூட்டும் வாயு ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜே போய்விடும். பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைச் சில மணி நேரம் திறந்து வைத்தால் தானாக உருகும். கீழே பழைய துணி போட மறந்துவிடாதீர்கள். ஆனால் அழுத்தத்தைச் சரிசெய்யாவிட்டால் குழாய் மறுபடி அடைக்கும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஐஸ் உடனே வராது. சூடேறிப்போன ஃப்ரீசர் பழைய குளிருக்குத் திரும்ப ஒரு நாள்கூட ஆகலாம். முதலில் விழும் ஐஸைக் குடிக்கும் தண்ணீரில் போடாமல் கொட்டிவிடுங்கள். இடையில் "விழுந்துவிட்டதா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்தால், வெளிக்காற்று உள்ளே போய் இன்னும் தாமதமாகும்.