பழைய பிக்கப் வண்டிக்குப் புதுப் பலம்

புதியது எல்லாம் பழையதினும் சிறந்தது என்று கொள்வது இயந்திர உலகின் பொது வழக்கு. ஆனால் அமெரிக்க நாட்டுப் பண்ணைகளிலும் பட்டறைகளிலும் இதற்கு நேர்மாறானதொரு வேடிக்கை நடைபெற்று வருகின்றது. மின்னணுக் கருவியால் ஆளப்படும் டீசல் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு முந்திய பம்பைத் தேடிப்பிடித்து வாங்கி, அதனை முன்னேற்றம் என்று சொல்லிப் பூட்டுகின்றனர். அவர்கள் அறியாமையால் இதைச் செய்யவில்லை. காரணம் என்னவென்று பார்ப்போம்.

1989-ஆம் ஆண்டு மாதிரி தொட்டு டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் டீசல் இஞ்சின் பொருத்தப்பட்டது. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, 5.9 லிட்டர் கொள்ளளவு, காற்றைத் திணிக்க ஒரு டர்போ. பண்ணை இயந்திரங்களுக்கும் தொழிற் கருவிகளுக்கும் உழைக்கப் பிறந்த குடும்பம் அது. அதன் ஆற்றல் 160 குதிரைச் சக்தி. முறுக்கு விசையோ 400 இராத்தல்-அடி. ஓட்டப்பந்தயத்திற்கு உதவாது; பாரம் இழுக்க அதற்கு நிகர் அரிது. அவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. உரியவர்களுக்கு அவற்றை விட மனமில்லை. ஆனால் பெரிய இழுவண்டியைக் கட்டி மேடேறும்போது இன்னும் கொஞ்சம் பலம் இருந்தால் நன்று என்று தோன்றுகிறது.

டீசல் இஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லை. காற்றை அழுத்தியே சூடேற்றி, தக்க நொடியில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இஞ்சினைப்போல் காற்றை அடைத்துத் திறந்து வேகத்தை ஆள்வதில்லை; எண்ணெயின் அளவே வேகத்தை ஆள்கிறது. ஆகவே பலம் கூட வேண்டுமாயின் பம்பு கூடுதல் எண்ணெய் தரவேண்டும்.

1993 வரையிலான வண்டிகளில் இருப்பது போஷ் நிறுவனத்தின் வி.இ. என்னும் சுழல் பம்பு. அதில் அழுத்துதண்டு ஒன்றே ஒன்று. அதுவே சுழன்றுகொண்டும் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டும் ஆறு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறது. இஞ்சின் நிமிடத்திற்கு 2,500 சுற்றுச் சுற்றும்போது பம்பு அதில் பாதி, அதாவது 1,250 சுற்றுச் சுற்றும். சுற்றுக்கு ஆறு தரம் என்றால் நிமிடத்திற்கு 7,500 இடிப்பு, நொடிக்கு 125! விரல் அளவுத் தண்டு ஒன்று இத்தனையும் செய்கிறது. ஒரு திருகைத் திருப்பிச் சற்றுக் கூடுதல் எண்ணெய் பெறலாம். அதற்கும் ஓர் எல்லையுண்டு.

1994 மாதிரியில் வந்தது பி.7100 பம்பு. இது வரிசைப் பம்பு. சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தண்டுகள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு 1,250 தரம் இடித்தால் போதும். தண்டின் பக்கத்தில் சாய்வாக வெட்டிய பள்ளம் உண்டு. பற்சட்டம் ஒன்று தண்டுகளைச் சற்றே திருப்ப, பள்ளத்தின் நிலைக்கேற்ப எண்ணெய் கூடும் அல்லது குறையும். போஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் செய்யத் தொடங்கிய பம்பின் நேர்வழிப் பேரன் இது. இதற்கு வேண்டிய மசகு இஞ்சின் எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. 1996-இல் கைக் கியர் வண்டிகளில் இது 215 குதிரைச் சக்தி தந்தது.

1998-இன் நடுவில், புகைக் கட்டுப்பாட்டை முன்னிட்டு 24 வால்வு இஞ்சினும் வி.பி.44 என்னும் மின்னணுச் சுழல் பம்பும் வந்தன. இதற்கு மசகும் குளிர்ச்சியும் தருவது உள்ளே ஓடும் டீசலே. டீசலை ஊட்டுவதோ இஞ்சினின் பக்கத்தில் பூட்டிய சிறு மின்பம்பு. அந்தச் சிறியது சோர்ந்தால் பெரியது வறண்டு தேய்ந்து கெடும். பலரைப் பழைய பி.7100-ஐ நாட வைத்தது இக்குறையே.

இம்மாற்றம் ஒருநாள் வேலையன்று. முன்புறத்துப் பற்சக்கரக் கூடு, பம்பின் சக்கரம், உயரழுத்தக் குழாய்கள், வலுவான ஊட்டுபம்பு எல்லாம் மாறவேண்டும். நேரம் அமைப்பதே கடினம். பம்பின் சக்கரம் கூம்புத் தண்டின்மேல் வெறும் இறுக்கத்தால் நிற்கிறது, ஆப்பு கிடையாது. கூம்பில் எண்ணெய்ப் பசை ஒரு துளி இருந்தாலும் சக்கரம் நழுவி, பீச்சும் நேரம் பிறழ்ந்துவிடும். துடைப்பதில் சோம்பியவர் இரண்டாம் முறையும் கழற்றுவார்.

கூட்டைத் திறக்கும்போது மற்றொன்றையும் பார்க்கவேண்டும். பன்னிரண்டு வால்வு இஞ்சின்களில் அக்கூட்டை இருப்பிடத்தில் நிறுத்த ஓர் எஃகுச் சிறு முளை உண்டு. ஆண்டுக்கணக்கான அதிர்ச்சியில் அது மெல்ல நகர்ந்து வெளிவந்து, சுழலும் பற்சக்கரங்களிடையே விழக்கூடும். விழுந்தால் கூடு உடையும். சில வேளை இஞ்சினே பாழாகும். 'கொலைகார முளை' என்று இயந்திரப் பணியாளர் இதற்குப் பெயரிட்டுள்ளனர். பக்கத்து மரையாணியின் கீழ் சிறு தகடொன்றை வைத்து முளையின் வாயை மறைத்துவிட்டால் தீர்ந்தது. நூற்றுக்கணக்கான குதிரைச் சக்தியைப் பற்றிப் பேசுவோர் பலர் இத்தகட்டை மறந்துவிடுவது வியப்பே.

கூடுதல் எண்ணெய்க்குக் கூடுதல் காற்று வேண்டும். இல்லையேல் அது கரும்புகையாய்ப் போகும், வெப்பமும் ஏறும். டர்போவுக்கு முன் போக்குக்குழாயில் வெப்பமானி வைத்து, நெடுமேட்டில் 1,250 பாரன்ஹீட் பாகையைத் தாண்டாமல் ஓட்டுவது வழக்கம். பிஸ்டன் அலுமினியக் கலவை. நெடுநேரம் தாண்டினால் உருகும். 1991-இன் நடுவுக்கு முந்திய வண்டிகளில் காற்றைக் குளிரூட்டும் கருவியே இல்லை. அத்தகைய வண்டிக்குப் பம்பை மாற்றுமுன் அக்கருவியைப் பூட்டுவதே முறை. இரண்டு குதிரைகளை ஏற்றிச் சந்தைக்குப் போகும் குடியானவருக்கு அதுவும், வி.இ. பம்பில் சிறு திருத்தமும் போதும் என்பது என் கருத்து. முந்நூறுக்கு மேல் கேட்பவருக்கே பி.7100 தேவை. அவரும் கிளட்ச்சுக்கும் கியர்ப் பெட்டிக்கும் பிரேக்குக்கும் தனியே பணம் ஒதுக்கவேண்டும். அவை 160-ஐ எண்ணிச் செய்யப்பட்டவை.

சட்டமும் உண்டு. புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கெடுப்பதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடைசெய்கிறது. கலிபோர்னியாவில் 1998 மாதிரியும் அதற்குப் பிந்தியவையுமான டீசல் பிக்கப்புகள் 2010 முதல் புகைச் சோதனைக்கு உட்பட்டுள்ளன. 1999 மாதிரி வண்டியில் வி.பி.44-ஐ நீக்கிப் பழைய பம்பை வைத்தவர், சோதனையாளர் முன்மூடியைத் திறக்கும்போதே சிக்கிக்கொள்வார்.