சொல் சென்ற வழியும் சுவை சென்ற வழியும்: மலேசிய உணவுப்பெயர்களை அடுக்களையிலும் பயணத்திலும் அறிதல்

ஆய்வுச்சுருக்கம்

மலாய் மொழியில் வழங்கும் தமிழ் உணவுப்பெயர்களை அகராதியின் துணைகொண்டு மட்டும் ஆராயும்போது, சொல்லும் உணவும் சேர்ந்தே பயணம் செய்தன என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. அந்த உணவை வீட்டில் சமைத்தும், அது வழங்கும் ஊர்களுக்குச் சென்று உண்டும் பார்க்கையில் வேறொரு படம் கிடைக்கிறது. சில இடங்களில் சொல் மட்டும் சென்றுள்ளது; சில இடங்களில் செய்முறை மட்டும் சென்றுள்ளது. இவ்வேறுபாட்டைச் சில உணவுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மலேசிய உணவு, கடன்சொற்கள், தாளிப்பு, நாசி லெமாக், ரொட்டி சானாய், மலாக்கா செட்டிகள்

முன்னுரை

மலாய் மொழியில் கலந்துள்ள தமிழ்ச்சொற்களைத் தொகுக்கும் முயற்சிகளில் உணவு சார்ந்த சொற்களுக்கு எப்போதும் முதலிடம் உண்டு. கறி 'காரி' என்றும், அப்பம் 'அபம்' என்றும், மாம்பழம் 'மெம்பெலம்' என்றும், முருங்கை 'மெருங்கை' என்றும், கடை 'கெடை' என்றும் அம்மொழியில் நிலைபெற்றுள்ளமை பலரும் அறிந்ததே. இப்பட்டியலைக் கண்டதும், மலேசிய உணவின் பெரும்பகுதி தமிழரிடமிருந்து சென்றது என்று எழுதிவிடும் போக்கு நம்மிடையே காணப்படுகிறது. பட்டியலில் பிழையில்லை, அதிலிருந்து பெறும் முடிவில்தான் பிழை நேர்கிறது. 'காரி' என்னும் சொல் தமிழ் என்பதால் அச்சொல்லால் குறிக்கப்பெறும் குழம்பும் தமிழ்க்குழம்பு ஆகிவிடாது. அது தமிழ்க்குழம்புதானா என்பதை அதனைச் சமைத்துப் பார்த்தவரே சொல்ல இயலும்.

புட்டு என்ற பெயரில் இடியாப்பம்

மலேசியத் தெருக்களில் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் 'புட்டு மாயம்' விற்பவரைக் காணலாம். புட்டை எதிர்பார்த்து வாங்குபவர்க்குக் கிடைப்பது இடியாப்பம். அரிசிமாவு இழைகளின் மேல் துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் இட்டுத் தருவர். தமிழில் புட்டு என்பது உதிரியாக ஆவியில் வெந்த மாவு. பிழிந்தெடுத்த இழையை எவரும் புட்டு என்பதில்லை. மலாயில் இப்பெயர் 'புத்து மாயாங்' என்றும் வழங்கும். 'மாயாங்' என்பது பாக்கு, தென்னை முதலிய மரங்களின் பாளையிலிருந்து விரியும் பூங்கொத்தைக் குறிக்கும் மலாய்ச்சொல். இழைகளின் தோற்றம் அப்பூங்கொத்தை நினைவூட்டியதால் இப்பெயர் அமைந்தது எனக் கொள்வது பொருத்தமாக உள்ளது. தமிழ்ப்பெயர் ஒன்று மலாய் உவமை ஒன்றோடு இணைந்து, தனக்குரியதல்லாத பண்டத்தின்மேல் அமர்ந்துவிட்டது.

நம் குழாய்ப்புட்டுக்கு உண்மையில் நெருக்கமானது 'புத்து பம்பு'. அரிசிமாவை மூங்கிற்குழலில் இட்டு, நடுவே பனைவெல்லம் வைத்து, ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த்துருவலோடு தருவது அது. இங்குப் பெயரும் முறையும் ஒன்றுபடுகின்றன. புத்து மாயத்தையும் புத்து பம்புவையும் அகராதியில் மட்டும் காண்பவர் இரண்டையும் ஒரே பதிவின் கீழ் அடக்கிவிடுவார்.

ரொட்டி சானாய்

இப்பெயர்பற்றிய விவாதம் தமிழ் ஆய்வாளரின் பற்றைச் சோதிப்பது. 'சானாய்' என்பது சென்னையின் திரிபு என்பது ஒரு கருத்து. மாவைத் தேய்த்துத் தட்டையாக்கலைக் குறிக்கும் 'சானாய்' என்னும் மலாய் வினையிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. உடன் உண்ணப்பட்ட கொண்டைக்கடலையின் 'சன்னா' என்னும் பெயரோடு இணைப்பாரும் உளர். சென்னை என்னும் பெயர் 1996ஆம் ஆண்டில்தான் நகரத்திற்கு அதிகாரமுறையில் சூட்டப்பட்டது; எனவே முதற்கருத்து பொருந்தாது என்று மறுப்பர். இம்மறுப்பு வலுவற்றது. ஆங்கிலேயர் மதராஸ் என்று எழுதிய காலத்திலும் தமிழர் பேச்சில் சென்னை, சென்னப்பட்டணம் என்னும் வழக்குகள் இருந்தன.

எனினும் முதற்கருத்தை ஏற்பதற்கும் உண்டியே தடையாக நிற்கிறது. தமிழ்நாட்டுப் புரோட்டா பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் சால்னாவோடு உண்ணப்படுவது. ரொட்டி சானாயோ காலை உணவு. புரோட்டாவுக்கு மாவை விசிறி, கொசுவிச் சுருட்டிப் பின் தட்டுவர். ரொட்டி சானாய்க்கு எண்ணெயில் ஊறிய உருண்டையைத் தாள்போல் மெலியும்வரை காற்றில் வீசி விரித்து, பெரும்பாலும் மடித்துக் கல்லில் இடுவர். இக்கடைகளை நடத்தியவர்களில் தமிழ் முஸ்லிம்களோடு மலபார் முஸ்லிம்களுக்கும் பெரும்பங்கு உண்டு. சிங்கப்பூரில் இதே உணவு 'ரொட்டி பிராட்டா' எனப்படுவதையும் நோக்க வேண்டும். ஓர் ஊரின் பெயரைச் சூட்டியே ஆக வேண்டும் என்னும் தேவை இவ்வுணவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மலாய் வினையே வேர் எனக் கொள்வது எளிமையும் பொருத்தமும் உடையது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதனோடு வரும் 'டால்ச்சா' குறித்தும் ஒரு சொல். தமிழ் முஸ்லிம்கள் நெய்ச்சோற்றுக்குச் செய்யும் தாளிச்சாவே இது. ஒலியொப்புமை கண்டு இதனைத் தாளித்தல் என்னும் வினையோடு சேர்த்துவிடக் கூடாது. பருப்பைக் குறிக்கும் 'தால்' என்னும் வடபுலச் சொல்லோடு தொடர்புடையது இது.

பெயர் இல்லாமல் சென்ற தாளிப்பு

மலாய்ச் சமையலில் 'காரி', 'குலாய்' என்னும் இரு வகைகளை வேறுபடுத்துவர். கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு ஆகிய உலர்ந்த பொருள்களின் பொடியை முதன்மையாகக் கொண்டது காரி. எலுமிச்சைப்புல், மஞ்சட்கிழங்கு, அரத்தை முதலியவற்றைப் பச்சையாக அரைத்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுவது குலாய். வடமாநிலங்களில் இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாறி வழங்குவதும் உண்டு. ஆயினும் அடுக்களையில் வேறுபாடு தெளிவானது. இங்கே வேற்றுச்சொல் வேற்றுமுறையைச் சுட்டுகிறது. அகராதியும் அடுப்பும் ஒத்துப்போகும் இடம் இது.

இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது 'ஹல்பா சம்புர்'. மலேசிய மளிகைக் கடைகளில் இப்பெயரால் ஒரு கலவை விற்கப்படுகிறது. ஹல்பா என்பது வெந்தயத்தைக் குறிக்கும் அரபுவழிச் சொல். சம்புர் என்றால் கலவை. வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு ஆகியவை அதிலிருக்கும். மலாய்ப் பெண்கள் மீன்காரி வைக்கும்போது காய்ந்த எண்ணெயில் முதலில் இதனையும் கறிவேப்பிலையையும் இடுவர். இது நம் வீடுகளில் மீன்குழம்புக்குச் செய்யும் தாளிப்பேயன்றி வேறில்லை. ஆனால் பெயரில் ஓரசையும் தமிழில்லை. கடன்சொற்பட்டியல்களில் ஹல்பா அரபுக்குரிய பதிவாகவே அமையும். அதன் வழியாகச் சென்ற தமிழ்க்கைப்பழக்கம் பதிவாகாது. தமிழின் செல்வாக்கைத் தேடுவோர் கண்ணில் படாமல் போகும் சான்று இத்தகையதே என்பதுதான் முரண்.

வீட்டடுப்பு கற்பிப்பது

நாசி லெமாக் என்பதைத் 'தேங்காய்ப்பால் சோறு' என மொழிபெயர்ப்பது வழக்கம். தவறில்லை, போதாது. 'லெமாக்' கொழுப்பையும், கொழுப்பால் வாயில் படரும் நிறைவையும் ஒருங்கே குறிக்கும் சொல். நம் அறுசுவை வகைப்பாட்டில் இதற்கு இடமில்லை. இனிப்பு என்றால் பொருந்தாது. கொழுமை என்றால் ஓரளவே பொருந்தும்.

வீட்டில் செய்வதற்கு 2 கோப்பை அரிசிக்கு 1 கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால் கொள்ளலாம். அரிசியின் தன்மைக்கேற்ப நீர் சேர்க்க வேண்டும். இஞ்சித்துண்டுகளும், முடிச்சிட்ட பண்டான் இலையும், உப்பும் உடன் வேகும். இலங்கைத் தமிழர் ரம்பை என வழங்குவது இவ்விலையையே.

சோற்றினும் கடினமானது அதனோடு வரும் 'சம்பல் தூமிஸ்'. ஊறவைத்த மிளகாய்வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு சுட்ட பெலாச்சானைச் சேர்த்து அரைக்க வேண்டும். பெலாச்சான் என்பது சிற்றிறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த கட்டி. அரைத்த விழுதைத் தாராளமான எண்ணெயில், சிறுதீயில், அரைமணி நேரமேனும் கிளறுவர். பின்னர்ப் புளிக்கரைசலும் வெல்லமும் சேரும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் 'பெச்சா மிஞ்யாக்' ஆகும்வரை என்பர். எண்ணெய் உடையும்வரை என்பது நேர்ப்பொருள். தமிழில் 'எண்ணெய் பிரிந்து வரும்வரை' என்கிறோம். இரு மொழிகளும் ஒரே நிகழ்வைக் காண்கின்றன: விழுதிலுள்ள நீர் வற்றியபின் எண்ணெய் தனித்து மேலே வருகிறது, அதற்குமுன் இறக்கினால் பச்சை மிளகாய்வாடை போகாது. ஆனால் தமிழ் வதக்கல், தாளித்தல் எனப் பிரிக்கும் செயல்களின் பெரும்பகுதியைத் 'தூமிஸ்' என்னும் ஒரே வினை தழுவி நிற்கிறது. ஆகவே தூமிஸ் என்பதை வதக்கல் என மொழிபெயர்த்த குறிப்பைப் பின்பற்றுவோர் ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுவர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த குறை நாவில் தெரியும்.

பொருள்களைத் தேடும்போதும் ஒன்று புலனாகிறது. மலாய் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் 'லெங்குவாஸ்' நம் பேரரத்தையே. தமிழ்நாட்டில் அதனைக் காய்கறிக் கடையில் காண்பது அரிது. நாட்டுமருந்துக் கடையில் உலர்ந்த துண்டுகளாகக் கிடைக்கும். ஒரே கிழங்கு ஓரிடத்தில் உணவாகவும் மற்றோரிடத்தில் மருந்தாகவும் வாழ்கிறது. உலர்ந்ததைக் கொண்டு குலாய் வைத்தால் மருந்துமணமே மிஞ்சும்.

பயணம் திருத்துவது

வீட்டடுப்பு முறையைக் கற்பிக்கும். ஆனால் ஒரு பெயரின் எல்லையைக் காட்டாது. லக்சா இதற்குத் தக்க சான்று. பினாங்கில் லக்சா என்றால் புளிப்பான மீன்சாறு. கானாங்கெளுத்தி இனத்து மீனை வேகவைத்து உதிர்த்து, குடம்புளியின் இனமாகிய 'அசாம் கெலுகோர்' சேர்த்துக் காய்ச்சி, இஞ்சிப்பூ மொட்டு, 'கெசும்' இலை, அன்னாசி, புதினா ஆகியவற்றோடு தருவர், தேங்காய்ப்பால் இல்லை. சரவாக்கில் அதே பெயர் சம்பல் விழுதும் தேங்காய்ப்பாலும் கலந்த சாற்றில் இறாலும் முட்டைக் கீற்றும் மிதக்கும் உணவைக் குறிக்கும். ஜொகூரில் அரிசிநூலுக்கு மாற்றாக இத்தாலிய ஸ்பகெட்டியை இடுவர். பினாங்குக் குறிப்பைக் கொண்டு சமைத்தவர் கூச்சிங்கில் ஒரு கிண்ணம் வாங்கினால் பெயரைத் தவிர வேறெதையும் அடையாளம் காண இயலாது.

நாசி கண்டாரும் ஊரோடு ஒட்டியது. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் கம்பு, நம் காவுதடி. பினாங்குத் துறைமுகப் பகுதியில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தொங்கவிட்டுத் தொழிலாளர்க்கு விற்றதிலிருந்து இப்பெயர் வந்தது. 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அமைந்துள்ள ஜார்ஜ் டவுன் பகுதியே இதன் தாயகம். உணவைக் கொண்டுவந்தவர் தமிழர். பெயரோ முழுதும் மலாய். இவ்வணிகரைக் குறிக்கும் 'மாமாக்' என்னும் சொல்லைத் தமிழ் 'மாமா'வோடு இணைப்பதே பெருவழக்கு. எனினும் மினாங்கபாவ் மக்களிடையே தாய்மாமனுக்கு அதே சொல் வழங்குவதை மறக்கலாகாது.

இவ்வுணவின் தனித்தன்மை குழம்புகளில் இல்லை. அவற்றைக் கலப்பதில் உள்ளது. மீன், கோழி, ஆடு எனப் பல குழம்புகளைச் சோற்றின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவர். 'பஞ்சிர்' என்று கேட்டால், அதாவது வெள்ளம் என்றால், சோறு மூழ்கும்வரை ஊற்றுவர். குழம்பு, ரசம், மோர் என வரிசை காக்கும் தமிழ்ப்பந்திக்கு இது முற்றிலும் அயலானது. குழம்பு தமிழருடையது, உண்ணும் இலக்கணம் பினாங்கினுடையது. வீட்டில் ஒரு குழம்பு வைத்து இதனை அறிய முடியாது.

2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைச் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், 'தே தாரிக்' ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன. அங்கீகரிக்கப்பட்டது ஒரு செய்முறையோ ஓரினத்தின் உடைமையோ அன்று. பல இனத்தார் ஒரே மேசையில் அமர்ந்துண்ணும் வழக்கம். உணவை யாருடையது என்று பிரிக்கும் விவாதங்களைவிட இந்நோக்கு உண்மைக்கு அண்மையது.

மொழி போனபின் எஞ்சிய இலை

மலாக்கா செட்டிகள் இவ்வாய்வுக்கு மறுதலையான சான்று. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களான இவர்கள், இன்று வீட்டில் பேசுவது மலாய். உடையும் மலாய்ப் பாங்கினது. வழிபாடு சைவம், 1781ஆம் ஆண்டைச் சார்ந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களோடு தொடர்புடையது. பொங்கலையொட்டி முன்னோர்க்கு இவர்கள் செய்யும் 'பார்ச்சு' என்னும் படையலில் வாழையிலை விரிக்கப்படுகிறது. அதில் இடம்பெறுபவை பெரிதும் தேங்காய்ப்பாலும் சம்பலும் சேர்ந்த மலாய் உணவுகளும் பலகாரங்களுமாகும். சொல்லும் போயிற்று, சுவையும் மாறிற்று. முன்னோர்க்கு இலையிட்டுப் படைத்தபின் உண்ணும் முறை மட்டும் நின்றுவிட்டது. கடன்சொல் ஆய்வுக்குள் அடங்காத தொடர்ச்சி இது.

தொகுக்க வேண்டியவை

மலேசிய நகரங்களில் இன்று காரி, சம்பல், ரெண்டாங் அனைத்திற்கும் அரைத்த விழுது பொதிகளாகக் கிடைக்கிறது. வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது பேருதவி, குறைகூறுவதற்கில்லை. ஆனால் பொதியின்மேல் பெயர் மட்டுமே அச்சாகிறது. எண்ணெயில் எது முதலில் விழுந்தது என்பது அச்சாவதில்லை. ஹல்பா சம்புரைக் காய்ந்த எண்ணெயில் முதலில் இடுகிறார்களா, விழுது வதங்கியபின் இடுகிறார்களா, ஏன் என்பதை மலாய், தமிழ், செட்டி வீடுகளில் கேட்டு, அவரவர் வாய்மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். அம்மியும் 'பத்து கிலிங்' என்னும் மலாய் அரைகல்லும் புழக்கத்திலிருந்த அடுக்களைகளை நினைவில் கொண்டுள்ள முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். களப்பணியை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.