முதுமையில் அறிவு மங்கிவிடுமா?



சென்னை பெசன்ட் நகரை அடுத்து, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே உள்ளது ஊரூர் ஒல்காட் குப்பம். வீசுவது வாடையா, கொண்டலா, கச்சானா என்றறிந்து, கடலுக்குச் செல்லலாமா எனக் கூறவல்ல முதிய மீனவர்கள் வாழும் ஊர் அது. அத்தகைய பெரியவர் ஒருவரிடம் காகிதமும் பென்சிலும் தந்து, குறித்த நேரத்திற்குள் சில புதிர்களை விடுவிக்கச் சொன்னால், பள்ளியில் பயிலும் பேரனே அவரை வென்றுவிடக்கூடும். அதனால் பெரியவர் அறிவு குன்றியவர் எனத் தீர்ப்பளிக்கலாமா?

அறிவைச் சோதிக்கும் முறையை 1905-இல் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே வகுத்தார், அது சிறுவர்களுக்கானது. பெரியவர்களுக்கான சோதனையை அமெரிக்காவின் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்டார். ஒருவரை அவர் வயதையொத்தவர்களுடனேயே ஒப்பிட வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி.

ரேமண்ட் கேட்டல் என்னும் அறிஞர் அறிவை இருவகையாகப் பிரித்தார். புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் ஆற்றல் ஒன்று. கல்வியாலும் அனுபவத்தாலும் சேர்ந்த ஞானம் மற்றொன்று. முன்னது இளமை கடந்ததும் மெல்லக் குறையத் தொடங்குகிறது. பின்னதோ முதுமையிலும் நெடுங்காலம் நிலைக்கிறது.

1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி தொடங்கிய ஆய்வு மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. இன்றைய இளைஞரையும் முதியவரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், வயதின் விளைவோடு பள்ளிக் கல்வியின் வேறுபாடும் கலந்துவிடுகிறது. அதே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோதோ, பெரும்பாலோரின் ஆற்றல்கள் அறுபது வயதுவரை பெரிதும் தளரவில்லை. வேகம் முன்னதாகவே குறைந்தது.

நம் நாட்டிலும் இது உணரப்பட்டது. எழுத்தறியா முதியோருக்கேற்ப நினைவாற்றல் சோதனை ஒன்றை இந்தி மொழியில் மாற்றியமைத்து, ஹரியானாவின் பல்லப்கர் பகுதி முதியோரிடம் பயன்படுத்தினர். அவ்வாய்வு 1995-இல் வெளிவந்தது.

எனவே, சகோதர சகோதரிகளே! வாப்பாவோ உம்மாவோ விடை கூறத் தாமதித்தால், "புத்தி மழுங்கிவிட்டது" என்று எள்ளாதீர்கள், சற்றுக் காத்திருங்கள். குடும்ப ஆலோசனைகளில் அவர்களை ஒதுக்காதீர்கள். ஆனால், பழகிய தெருவில் வழி தவறுவதும், பெற்ற பிள்ளையின் பெயரையே மறப்பதும் முதுமையின் இயல்பல்ல; அவை நோயின் அறிகுறிகளாகலாம். தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மூத்தோரை மதிப்பது மார்க்கம் நமக்கு இட்ட கடமை. அவர்களின் அறிவை அளக்குமுன் நம் பொறுமையை அளந்து பார்ப்போம். வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.